ஒரு வினா ஈன்ற ஒளிப்படம்

நுழையும்முன்

விடை தெரிந்த வினாக்களை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். விடையே இல்லை என்று உலகம் ஒதுக்கிவைத்த வினாக்களையும் அவ்வாறே கடந்துவிடுகிறோம். குழந்தை ஒன்று கேட்ட அத்தகைய வினாவைப் புறந்தள்ளாமல், அதற்கு விடைகாண முப்பது ஆண்டுகளை ஈந்த அறிவியலாளர் ஒருவரின் வாழ்க்கையே இப்பாடம்.

காத்திருப்பின் காலம்

தமிழகத்தின் வட எல்லையில், ஆந்திர மாநிலத்தை ஒட்டி அமைந்த திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள் கொண்ட அம்மலைக்குத் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் திரண்டு வருகின்றனர். குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்தும் நாளைப் படமெடுத்து வைத்துக்கொள்ள விரும்பாத பெற்றோர் அரியர். ஆனால், படச்சுருள் வழங்கிய காலத்தில் எடுத்த படத்தை உடனே காண இயலாது. சுருளை இருட்டறையில் கழுவ வேண்டும். ஒளியும் நிழலும் இடம்மாறித் தோன்றும் நெகட்டிவை உலர்த்த வேண்டும். பின்னர் அதனைத் தாளில் அச்சிட வேண்டும். படம் ஆயத்தமாகும்போது வெளியூரார் தம் ஊர் சேர்ந்திருப்பர். இக்காத்திருப்பை ஒளிப்படக்கலையின் இயல்பென்றே உலகம் ஏற்றிருந்தது. அதனை ஏற்க மறுத்தவள் அமெரிக்க நாட்டுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய தந்தையே எட்வின் லேண்ட்.

ஒளியை நாடிய இளைஞர்

எட்வின் லேண்ட் 1909ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தார். 1926இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், விரைவிலேயே அதனை விட்டு நியூயார்க் சென்றார். அங்குப் பொது நூலகமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று.

ஒளி அலைகள் பல திசைகளில் அதிர்பவை. அவற்றுள் ஒரு திசையில் அதிர்வனவற்றை மட்டும் கடக்கவிட்டால் கண்கூச்சம் குறையும். இதற்கு ஏற்ற படிகம் அறிவியலாளர்க்கு முன்பே தெரிந்திருந்தது. ஆயினும் அதனைப் பெரிதாக வளர்க்க முயன்றோர் தோல்வியுற்றனர். லேண்டின் சிந்தனை வேறு வழியில் சென்றது. ஒரு பெரிய படிகத்திற்கு மாற்றாக, கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற நுண்படிகங்களை ஒரே திசையில் அணிவகுக்கச் செய்து மெல்லிய தகட்டினுள் பதித்தார். 1929இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தபோது அவருக்கு வயது பத்தொன்பதுதான். ஹார்வர்டுக்குத் திரும்பியும் அவர் பட்டம் பெறவில்லை. இயற்பியல் ஆசிரியர் ஜார்ஜ் வீல்ரைட்டுடன் இணைந்து 1932இல் ஆய்வகம் நிறுவினார். அதுவே 1937இல் போலராய்டு நிறுவனமாக வளர்ந்தது.

இருட்டறையைத் தாளுக்குள் அடக்கியவர்

1943ஆம் ஆண்டின் இறுதியில் லேண்ட் தம் குடும்பத்தாருடன் சாண்டா ஃபே நகரில் விடுமுறையைக் கழித்தார். அவர் மகளைப் படமெடுத்தபோது, மூன்று வயதுடைய ஜெனிஃபர் அப்படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று வினவினாள். அவளுக்கு ஆறுதல் சொல்லி அடக்கிவிட லேண்டுக்கு மனம் வரவில்லை. அவ்வினாவைச் சுமந்தபடியே நகரைச் சுற்றி நடந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் கருவி, படத்தாள், வேதிமுறை ஆகியவற்றின் அமைப்பு அவருடைய உள்ளத்தில் உருப்பெற்றது.

அவர் கண்ட வழி நுட்பமானது. ஒளிபட்ட நெகட்டிவும் படம் ஏற்கும் தாளும் ஒன்றோடொன்று பொருந்தி, இரண்டு உருளைகளுக்கு இடையே வெளிவரும். அப்போது தாளின் ஓரத்திலுள்ள சிறு பை உடைந்து, கெட்டியான வேதிக்கூழ் இரண்டிற்கும் நடுவே பரவும். ஒளிபட்ட வெள்ளி உப்பு நெகட்டிவிலேயே வெள்ளியாக மாறித் தங்கிவிடும். ஒளிபடாத உப்போ கரைந்து மறுதாளுக்குச் சென்று, அங்கு வெள்ளியாகிக் கரிய பகுதிகளைத் தோற்றுவிக்கும். இவ்வாறு நெகட்டிவும் அச்சுப்படமும் ஒரே வேளையில் உருவாயின. இருட்டறையின் பணி இரு தாள்களுக்கு இடையில் முடிந்தது.

1947 பிப்ரவரி 21ஆம் நாள் நியூயார்க்கில் கூடியிருந்த ஒளியியல் அறிஞர்கள்முன் லேண்ட் தம்மையே படமெடுத்து, ஒரு நிமிடத்தில் தாளைப் பிரித்துக் காட்டினார். 1948 நவம்பர் 26இல் பாஸ்டன் நகரக் கடையொன்றில் விற்பனைக்கு வைத்த கருவிகள் அன்றே தீர்ந்தன.

கூட்டுழைப்பின் வெற்றி

எண்ணம் தோன்ற ஒரு மணி நேரம் போதியதாயிற்று. அது நிறைவுபெறப் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன. முதற்படங்கள் பழுப்பு நிறமாகவே அமைந்தன. 1950இல் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களோ சில மாதங்களில் மங்கின. அக்குறையைக் களையும் ஆய்வில் முன்நின்றவர் மெரோயி மோர்ஸ் என்னும் பெண்மணி. அவர் பயின்றது வேதியியலன்று, கலை வரலாறு. பட்டத்தைவிட ஆர்வத்தையே தகுதியாகக் கொண்ட லேண்ட் அவரிடம் ஆய்வுப் பொறுப்பை ஒப்படைத்தார். ஹோவர்டு ரோஜர்ஸ் என்பாரின் நெடுநாள் உழைப்பால் 1963இல் உடனடி வண்ணப்படம் பிறந்தது. 1972இல் எஸ்எக்ஸ்-70 என்னும் மடக்குக் கருவி வெளிவந்தது. தாளைப் பிரிக்கும் வேலை இனி இல்லை. கருவியிலிருந்து தானே வெளிவரும் படம், பகல் வெளிச்சத்தில் கண்முன்னே மெல்ல மலர்ந்தது. மகளின் வினாவுக்கு முழுமையான விடை அப்போதுதான் கிடைத்தது.

கருவியும் மனச்சான்றும்

நற்கண்டுபிடிப்பும் தீய கைகளில் தீங்காகும். இனவொதுக்கல் நிலவிய தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் படம் ஒட்டிய அனுமதிச் சீட்டின்றி நடமாட முடியாது. அச்சீட்டுகளுக்கு விரைந்து படமெடுக்கப் போலராய்டு கருவிகள் பயன்பட்டன. 1970இல் அந்நிறுவனத்திலேயே பணியாற்றிய கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினத்தவர் இருவர் இதனை அறிந்து போராடத் தொடங்கினர். ஹன்டர் பணிநீக்கம் செய்யப்பட்டார். நிறுவனம் தொடக்கத்தில் அரசுக்கு விற்பதை மட்டும் நிறுத்துவதாக அறிவித்தது. 1977இல்தான் அந்நாட்டை விட்டு முற்றிலும் விலகியது. தம் கருவி எவருக்குப் பயன்படுகிறது என்பதும் படைத்தவர் எதிர்கொள்ள வேண்டிய வினாவே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

சரிவும் நிலைபேறும்

1977இல் லேண்ட் உடனடித் திரைப்படக் கருவியை வெளியிட்டார். அதன் படங்கள் சில நிமிடங்களே ஓடின, ஒலியும் இல்லை. ஒளிநாடா பரவிவந்த காலத்தில் அக்கருவி விலைபோகாமல் பேரிழப்பை உண்டாக்கியது. 1980இல் தலைமைப் பொறுப்பைத் துறந்த அவர், 1982இல் நிறுவனத்தை விட்டே வெளியேறினார். எனினும் ஆய்வை விடவில்லை. தாம் நிறுவிய ரோலண்ட் ஆய்வுக்கழகத்தில், கண்ணும் மூளையும் நிறத்தை உணரும் முறையை ஆராய்ந்தார். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற அவர் 1991 மார்ச் முதல் நாள் காலமானார்.

எண்ணியல் ஒளிப்படம் பரவியதும் போலராய்டு நிறுவனம் 2001இல் நொடித்தது; 2008இல் படத்தாள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால், நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலிருந்த தொழிற்சாலையை ஆர்வலர் சிலர் காப்பாற்றி, 2010இல் புதிய படத்தாளை வெளியிட்டனர்.

இன்று செல்பேசி எடுத்த படத்தை அக்கணமே காட்டுகிறது. உடனடிப் படத்தாளின் தேவையைக் குறைத்தது அதுவே. ஆயினும், திரவப் படிகத் திரைகளில் படம் தெரிவதற்கு ஒளியை ஒரு திசைப்படுத்தும் மெல்லிய தகடுகள் இன்றியமையாதவை. அத்தகட்டுக்கு வழிகண்டவர் பத்தொன்பது வயது லேண்ட். அவருடைய இரண்டாம் கண்டுபிடிப்பை வென்ற கருவிகளில், முதல் கண்டுபிடிப்பு இன்றும் பணிசெய்துகொண்டிருக்கிறது.