திசுப் பொருத்தத்துக்கு வழிகாட்டிய ழான் டோசே

இரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்கு யாருடைய எலும்பு மஜ்ஜை வேண்டுமானாலும் பொருந்திவிடாது. பொருந்தாவிட்டால், தானமாக வந்த அணுக்களே நோயாளியின் உடலைத் தாக்கக்கூடும். பொருத்தமானவரைக் கண்டறிய உலகுக்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் டோசே.

1916 அக்டோபர் 19ஆம் தேதி தூலூஸ் நகரில் பிறந்தார். தந்தையும் மருத்துவரே. மருத்துவப் படிப்பின் நடுவே இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. பாரிஸை விட்டுக் கிளம்பியபோது, தம் அடையாளப் பத்திரங்களை யூதரான சக ஆய்வாளர் ஒருவரிடம் கொடுத்துச் சென்றார். வட ஆப்பிரிக்கப் போர்முனையில் காயமடைந்த வீரர்களுக்கு இரத்தம் செலுத்திய அனுபவமே அவரை இரத்த ஆராய்ச்சிக்கு இழுத்தது.

போருக்குப் பின் பாரிஸ் இரத்த மையத்தில் பணியாற்றினார். 'ஓ' வகை இரத்தத்தை யாருக்கும் கொடுக்கலாம் என்று நம்பப்பட்ட காலம் அது. அவர்களிலும் சிலரது இரத்தம் ஆபத்தாகலாம் என்று நிரூபித்தார்.

அடுத்து அவர் கவனித்தது வெள்ளணுக்களை. பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட சிலரின் இரத்த நீர், பிறருடைய வெள்ளணுக்களை ஒட்டித் திரளச் செய்தது. அவரவர் சொந்த அணுக்களை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் வெள்ளணுக்களுக்கும் ஆளுக்கு ஆள் மாறுபடும் அடையாளம் இருக்க வேண்டும். 1958இல் அத்தகைய முதல் அடையாளத்தை அறிவித்து, ஆய்வுக்கு உதவிய மூவரின் பெயர்களுடைய முதலெழுத்துகளால் 'மாக்' என்று பெயரிட்டார். இன்று எச்.எல்.ஏ. எனப்படும் பெரிய குடும்பத்தில் அதுவும் ஒன்று.

இந்த அடையாளங்களுக்கும் உறுப்பு மாற்றுக்கும் உள்ள தொடர்பை அறிய, நூற்றுக்கணக்கான தொண்டர்கள் தங்கள் தோலில் பிறரின் சிறு தோல் துண்டுகளை ஒட்டிக்கொள்ள முன்வந்தனர். அடையாளங்கள் ஒத்துப்போனவர்களிடம் ஒட்டிய தோல் அதிக நாள் தாக்குப்பிடித்தது.

இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்துள்ளன. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி நமக்குக் கிடைக்கிறது. ஆகவே, உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். வீட்டில் யாரும் பொருந்தாவிட்டால், முன்பின் தெரியாத கொடையாளரைத் தேடலாம். ஒரு வம்சாவளியில் பரவலாக உள்ள வகை இன்னொன்றில் அரிதாக இருப்பதால், தம் வம்சாவளியினரிடையே தேடும்போதே நோயாளிக்கு வாய்ப்பு அதிகம்.

1980இல் பெனாசெராஃப், ஸ்னெல் ஆகியோருடன் டோசே மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1984இல் பாரிஸில் மனித மரபணு வேறுபாடுகளை ஆராயும் மையத்தைத் தொடங்கி, பல குடும்பங்களின் மரபணு மாதிரிகளை உலக ஆய்வாளர்களோடு பகிர்ந்தார். 2009 ஜூன் 6ஆம் தேதி, 92ஆம் வயதில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மறைந்தார்.

மாணவர்களே, கொடையாளர் பதிவேட்டில் நம் சமூகத்தினர் குறைவாக இருந்தால், நம் நோயாளிகளுக்குத்தான் பொருத்தம் கிடைப்பது கடினமாகும். உரிய வயது வரும்போது அதை நினைவில் கொள்ளுங்கள்.