சுருள்வில் ரகசியம் சொன்ன ஹூக்!

குழந்தைகளே! 'டிக்... டிக்...' என்று அழுத்தி எழுதும் பேனா உங்களிடம் இருக்கிறதா? அதற்குள் இருக்கும் குட்டி ஸ்பிரிங்கை ஒருநாளாவது வெளியே எடுத்து இழுத்துப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் இழுத்தால், பழைய நிலைக்கே திரும்பிவிடும். ரொம்ப இழுத்தால் அவ்வளவுதான், நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். பேனாவும் போச்சு!

ஸ்பிரிங் எந்தக் கணக்குப்படி நீள்கிறது என்று கண்டு சொன்னவர் ராபர்ட் ஹூக்.

இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில் 1635ம் ஆண்டு ஜூலை 18ம் தேதி பிறந்தார் ஹூக். தந்தை மதகுரு. சிறுவன் ஹூக்குக்கு அடிக்கடி தலைவலி வரும். அதனால் வீட்டிலேயே இருந்து, எதையாவது செய்து கொண்டிருப்பார். ஒருமுறை பித்தளைக் கடிகாரம் ஒன்றைப் பார்த்து, அதேபோல் மரத்தில் செய்தார். அது ஓடவும் செய்தது!

13 வயதில் தந்தையை இழந்தார். லண்டனுக்குச் சென்று வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும், பிறகு ஆக்ஸ்போர்டிலும் படித்தார். அங்கே விஞ்ஞானி ராபர்ட் பாயிலுக்கு உதவியாளராகி, காற்றுப் பம்பு செய்து கொடுத்தார். 1662ல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில், சோதனைகளைச் செய்து காட்டும் வேலை கிடைத்தது. 1665ல் அவர் எழுதிய 'மைக்ரோகிராஃபியா' நூலில்தான், உயிரியலில் நாம் படிக்கும் 'செல்' என்ற சொல் முதலில் வந்தது.

1666 செப்டம்பரில் லண்டன் நகரம் தீப்பிடித்து நான்கு நாட்கள் எரிந்தது. சுமார் 13,000 வீடுகள் சாம்பலாகின. யாருடைய மனை எது என்றே தெரியவில்லை. தெருத் தெருவாக நடந்து, நிலத்தை அளந்து கொடுத்தவர்களில் ஹூக்கும் ஒருவர்.

அந்தத் தீயின் நினைவாக, கட்டடக்கலை நிபுணர் கிறிஸ்டோபர் ரென்னும் ஹூக்கும் சேர்ந்து ஒரு தூணை உருவாக்கினர். 1677ல் கட்டி முடிக்கப்பட்ட அதன் உயரம் 202 அடி. தீ தொடங்கிய ரொட்டிக்கடை இருந்த இடமும் தூணிலிருந்து 202 அடி தூரம்தான்! தரை சமமாக இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த இடத்திலிருந்து தூணின் உச்சிக்கு உள்ள கோணம் 45 டிகிரி. உயரமும் தூரமும் சமமானால் கோணம் 45 டிகிரி என்பது முக்கோணவியல். உங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தின் உயரத்தைக்கூட, கம்பத்தில் ஏறாமலேயே இப்படி அளக்கலாம்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். 1675ல் நெதர்லாந்து விஞ்ஞானி ஹைகன்ஸ், ஸ்பிரிங்கால் சீராக ஓடும் கடிகாரத்தை அறிவித்தார். ஹூக் கொதித்துப் போனார். அந்த யோசனை பல ஆண்டுகளுக்கு முன்பே தனக்குத் தோன்றியது என்று வாதாடினார். ஆனால், அதை அவர் நூலாக வெளியிட்டிருக்கவில்லையே!

அடுத்த ஆண்டு ஹூக் ஒரு தந்திரம் செய்தார். தன் ஸ்பிரிங் விதியை லத்தீன் மொழியில் எழுதி, அதன் 14 எழுத்துகளையும் அகர வரிசையில் கலைத்துப் போட்டு அச்சிட்டார். யாருக்கும் புரியாது, ஆனால், முதலில் கண்டவர் யார் என்பதற்குச் சாட்சி இருக்கும். 1678ல்தான் விடையைச் சொன்னார். எவ்வளவு விசையோ, அவ்வளவு நீட்சி என்பதே அந்த விதி. 1 கிலோவுக்கு 1 செ.மீ. நீளும் ஸ்பிரிங், 2 கிலோவுக்கு 2 செ.மீ. நீளும். பழைய பேப்பர்காரரின் ஸ்பிரிங் தராசில் கோடுகள் சம இடைவெளியில் இருப்பது இதனால்தான். அளவு மீறி இழுத்தால் விதி பலிக்காது. உங்கள் பேனா ஸ்பிரிங்கே சாட்சி!

ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு இழுத்து விடுங்கள். மேலும் கீழும் ஆடும். அந்த எடையில் பென்சிலைக் கட்டி, பக்கத்தில் ஒரு தாளைச் சீராக நகர்த்தினால் அழகான அலைக்கோடு விழும். பொருட்காட்சியில் ராட்சத ராட்டினம் ஒரே வேகத்தில் சுற்றும்போது, உங்கள் உயரம் ஏறி இறங்குவதை வரைந்தாலும் இதே அலைதான். இதற்கு 'சைன்' அலை என்று பெயர். பெரிய வகுப்பில் முக்கோணவியலில் படிக்கப் போகும் அதே சைன்தான்! பள்ளத்தில் பைக் குதிக்கும்போது, ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் அந்த ஆட்டத்தைத்தான் தொடங்குகிறது. அதிலுள்ள எண்ணெய் ஆட்டத்தை உடனே அடக்கிவிடுகிறது.

1703 மார்ச் 3ம் தேதி ஹூக் காலமானார். நேரில் பார்த்து வரைந்தது என்று உறுதியாகச் சொல்லும்படி அவரது படம் ஒன்றுகூட இன்று இல்லை. ஆனால், ஹூக் விதி எல்லா இயற்பியல் புத்தகத்திலும் இருக்கிறது. எழுதி வெளியிட்ட விதி அவர் பெயரில் நிலைத்தது. வெளியிடாத கடிகார யோசனை சண்டையில்தான் முடிந்தது.

ஆகவே குழந்தைகளே, புதிதாக எதையாவது கண்டுபிடித்தால் மனசுக்குள் பூட்டி வைக்காதீர்கள். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்; ஆசிரியரிடம் காட்டுங்கள். நாளை உங்கள் பெயரிலும் ஒரு விதி வரலாமே!