றூடோல்ப் டீசல் (1858 - 1913)

மாணவர்களே, டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிவீர்களா? றூடோல்ப் டீசல் 1858 இல் பாரிஸ் நகரில் ஜேர்மனியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870 இல் மூண்ட போரினால் அவரது குடும்பம் அந்நகரை விட்டு வெளியேறியது. பின்னர் மியூனிச் நகரில் பொறியியல் கற்ற அவர், நீராவி எஞ்சின்கள் வெப்பத்தின் பெரும்பகுதியை வீணாக்குவதைக் கண்டு மாற்றுவழி தேடினார்.

பெற்றோல் எஞ்சினில் வளியும் எரிபொருளும் கலந்த கலவை மின்பொறியினால் எரிகின்றது. அதனை அளவுக்கு மிஞ்சி நெருக்கினால் முன்கூட்டியே எரிந்துவிடும். டீசலோ வளியை மட்டும் மிகவும் நெருக்கினார். அதனால் கடுமையாகச் சூடாகும் வளியினுள் செலுத்தப்படும் எரிபொருள் தானாகவே எரியும். கூடிய நெருக்கலால் அதே வெப்பத்திலிருந்து கூடிய வேலை கிடைக்கும். ஆனால் அந்த அமுக்கத்தைத் தாங்க எஞ்சின் பாரமாகவும் உறுதியாகவும் அமைய வேண்டும்.

1893 இல் முதற் சோதனையின்போது அமுக்கமானி வெடித்தது. அவர் தளரவில்லை. 1897 இல் ஓக்ஸ்பேர்க் நகரில் அவரது எஞ்சின் சுமார் 26 சதவீத வினைத்திறனைக் காட்டியது.

1913 செப்டெம்பரில் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து அவர் காணாமற்போனார். பின்னர் அவரது உடல் கடலில் காணப்பட்டது. டீசல் லொறிகள் 1920களில் வீதிக்கு வந்தன; அவற்றை அவர் காணவில்லை.

பாரம் இழுக்கும் வாகனங்களுக்கு டீசல் எஞ்சின் விரும்பப்படுவது ஏன் என வினவப்பட்டால், நெருக்கலிலிருந்து விடையைத் தொடங்குங்கள்.