ஸ்டெஃபான் ஸ்வைக்: கையெழுத்துப்படிகளின் காவலர்

அச்சேறிய கவிதையில் கவிஞன் சென்றடைந்த இடம் தெரிகிறது. அவன் கடந்துவந்த வழி மறைந்துவிடுகிறது. அவ்வழியின் சுவடுகளை அடித்தலும் திருத்தலுமாகத் தாங்கி நிற்பது அவனது கையெழுத்துப்படியே. அத்தகைய படிகளைத் தேடி வாங்கிக் காப்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்.

இவர் 1881ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் வியன்னா நகரில் செல்வ வளமிக்க யூதக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் தோழர்களுடன் நாடக அரங்குகளின் வாயிலில் காத்திருந்து, நடிகர்களிடமும் கலைஞர்களிடமும் கையொப்பம் பெற்றார். வயது முதிர முதிர வெறும் கையொப்பத்தில் அவருக்கு நிறைவு பிறக்கவில்லை. ஒரு படைப்பு உருவாகும் கணத்தைக் காண விழைந்த அவர் உள்ளம், கவிதைகளின் முதற்படிகளையும் இசைக்குறிப்புகளின் மூலங்களையும் நாடிற்று. கதேயின் கவிதைப்படி ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. திருத்தங்கள் மண்டிக் கிடந்த பால்சாக்கின் அச்சுப் பார்வைப்படிகளையும் வாங்கினார்.

முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் சால்ஸ்பர்க்கில் குடியேறினார். நூல்கள் ஈட்டித்தந்த பொருளில் பெரும்பகுதி ஏலங்களுக்குச் சென்றது. வாங்குமுன் ஆராய்வது அவர் வழக்கம். அதற்காக ஏறத்தாழ 4000 ஏலப் பட்டியல்களைச் சேர்த்துவைத்து, ஒவ்வொரு படியின் வரலாற்றையும் ஒப்புநோக்கினார். எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, குறைந்தவற்றை விலக்கி உயர்ந்தவற்றைக் கொள்வதே நாளடைவில் அவர் நெறியாயிற்று. கதேயின் கவிதைக்கு மொசார்ட் 1785இல் இசையமைத்த படி அவ்வாறு கிட்டியது. இரு மேதைகள் ஒரே தாளில் கூடினர். பீத்தோவனின் எழுதுமேசையும் அவர் இல்லத்தை அடைந்தது. எனினும் அவற்றுக்குத் தாம் உரிமையாளர் அல்லர், சிறிதுகாலக் காவலரே என்பது அவர் கொள்கை.

அக்கொள்கைக்குச் சோதனை வந்தது. 1933இல் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சியேறி, அவர் நூல்களைத் தீக்கிரையாக்கினர். 1934 பிப்ரவரியில் ஆயுதம் இருப்பதாகக் கூறிக் காவலர் அவர் சால்ஸ்பர்க் இல்லத்தைச் சோதனையிட்டனர். மனம் நொந்து இலண்டன் சென்றார். வீடிழந்தவர் பெருந்தொகுப்பை எங்ஙனம் காப்பது? தமக்கு வந்த கடிதங்கள் பலவற்றை எருசலேமின் தேசிய நூலகத்துக்கு அளித்தார். ஒருபகுதியை வியன்னாவின் தேசிய நூலகத்துக்கு வழங்கினார். பெரும்பகுதி விற்கப்பட்டு, சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் போட்மர் முதலியோரிடம் சேர்ந்தது. உயிரனைய சிலவற்றை மட்டும் தம்முடன் வைத்துக்கொண்டார்.

இப்பிரிவின் துயரைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் கதையாக்கியிருந்தார் என்பது வியப்புக்குரியது. பார்வையிழந்த முதியவர் ஒருவர், தாம் சேர்த்த அரிய ஓவியப் படிகளை நாள்தோறும் தடவி மகிழ்கிறார். பணவீக்கக் கொடுமையில் குடும்பத்தார் அவற்றை விற்று வெற்றுத்தாள்களை வைத்ததை அவர் அறியார். பொருள் போயினும் அவர் நெஞ்சிலிருந்த தொகுப்பு அழியவில்லை.

ஸ்வைக்கின் நெஞ்சு அவ்வாறு ஆறுதல் பெறவில்லை. பிரேசில் நாட்டின் பெட்ரோபொலிஸ் நகரில் 1942 பிப்ரவரி 22ஆம் நாள் மனைவியுடன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் எஞ்சவைத்த படிகள் பிழைத்தன. 1986இல் அவர் வழியினர் அவற்றைப் பிரிட்டிஷ் நூலகத்துக்கு நன்கொடையாக ஈந்தனர். மொசார்ட் தம் படைப்புகளை 1784 முதல் தம் கையாலேயே பதிந்துவந்த ஏடு அவற்றுள் தலையாயது. 1791இல் அவர் மறைந்ததால், இனிவரும் படைப்புகளுக்கெனக் கோடிட்ட அதன் இறுதிப் பக்கங்கள் வெறுமையாகவே உள்ளன. எழுதப்படாத அப்பக்கங்களும் காக்கத்தக்கவை என அறிந்தவர் ஸ்வைக். தாம் அடித்துத் திருத்திய முதற்படியைக் கசக்கி எறியக் கையெடுக்கும் கவிஞர் எவரும் ஒருகணம் நின்று நினைக்கத்தக்க வாழ்வு அவருடையது.