லூஸி வில்ஸ் அம்மையார்

ஊரூர் ஒல்காட் குப்பத்தினின்று கடலோரமாய் வடக்கே செல்வோமாயின், திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையைக் காண்போம். கோஷா ஆஸ்பத்திரி என்றே சென்னை மாதர் அதனை இன்றும் வழங்குவர். 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே ஆராய்ச்சி புரிந்த லூஸி வில்ஸ் அம்மையாரை நம்முள் அறிவார் சிலரே.

இங்கிலாந்தில் 1888-இல் பிறந்து, கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் கற்று மருத்துவரான இவர், 1928-இல் பம்பாய்க்கு வந்தார். ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகள் இரத்தச் சோகையால் நலிவதைக் கண்டு, உணவின் குறையே அதற்குக் காரணமென ஐயுற்றார். ரொட்டியிற் பூசியுண்ணும் எளிய ஈஸ்ட் சாரமாகிய மார்மைட்டைக் கொடுத்தார், தாய்மார் தேறினர். விலையுயர்ந்த மருந்தை நாடாது ஏழைக்கு எட்டுவதை அவர் நாடியதே நமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது.

அதனுள் உறைந்த சத்து யாதென அன்று எவரும் அறிந்திலர். 1941-இல் அதனைக் கீரையினின்று பிரித்தெடுத்தோர், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பராவ் தலைமையில் அமெரிக்காவில் ஒரு குழுவினர் பின்னர் அதனைச் செயற்கையாய் ஆக்கினர்.

அம்மையார் 1964-இல் மறைந்தார். அச்சத்து சேய்க்குச் செய்யும் பேருதவி 1991-இலேயே ஐயமற விளங்கிற்று. முதுகுத்தண்டுக் குறையுள்ள மகவை முன்னர் ஈன்றோர், கருவுறுமுன்பே அதனை உட்கொள்ளத் தொடங்கியதால், அக்குறை மீண்டும் நேர்வது 100-க்கு 72 பங்கு குறைந்தது. சிசுவின் தண்டுவடக் குழல் மூடுவது கருவுற்ற 28 நாட்களுக்குள். தாயாகப் போவதைப் பெண்ணொருத்தி அறியுமுன்னரே பெரும்பாலும் அது முடிந்துவிடும். ஆதலின் கருவுறுதற்கு ஒரு திங்கள் முன்பே நாடோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளத் தொடங்குமாறு மருத்துவர் கூறுகின்றனர்.