கலிலேயா மலை முதல் பரங்கிமலை வரை

(பத்தாம் வகுப்பு மாணவி, பள்ளிப்பட்டு)

பள்ளிப்பட்டில் வாழும் நமக்கு மலையின் பெருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புறம் நகரி மலைகள் நீல நிறத்தில் நிற்கின்றன. மறுபுறம் திருத்தணிகை மலையில், ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளை மக்கள் பக்தியோடு ஏறுகின்றனர். உயர்ந்த இடத்தில் இறைவனைத் தேடுவது மனித இயல்பு போலும்!

நம் ஆண்டவர் வாழ்ந்த நாடும் மலைநாடுதான். அதன் வடக்கே ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரமுள்ள எர்மோன் மலை பனிமுடி தரித்து நிற்கிறது. அதன் பனிநீர் யோர்தான் நதியாகப் பெருகி, கலிலேயக் கடல் என்னும் ஏரியில் புகுந்து வெளிவந்து, கடல் மட்டத்திற்கு 400 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாக்கடலில் முடிகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் மேற்கே, ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ அமைந்துள்ளது எருசலேம். இந்நாட்டு மலைகளில் ஏறி இறங்கி, இறுதியில் நம் தமிழகத்து மலை ஒன்றில் உயிர் நீத்தவர் என்று மரபு போற்றும் புனித தோமையாரின் வாழ்வே இக்கட்டுரையின் பொருள்.

தோமை என்னும் அரமேயப் பெயருக்கு இரட்டைப் பிள்ளை என்பது பொருள். அவர் பெயரை நாம் முதன்முதலாகச் சந்திப்பதும் மலையில்தான். இயேசு மலைமீது ஏறிச் சென்று தம் சீடர்களை அழைத்துப் பன்னிருவரைத் தேர்ந்துகொண்டார் என்று நற்செய்தி கூறுகிறது. அப்பன்னிருவருள் தோமையாரும் ஒருவர். ஏழைகள் பேறுபெற்றவர்கள் என்னும் புதிய போதனை ஒலித்ததும் ஒரு மலையில்தான். ஆனால் ஆண்டவர் உருமாறிய மலைக்கு அவர் அழைத்துச் செல்லப்படவில்லை. தாபோர் மலை என்று மரபு குறிக்கும் அவ்வுயரத்தில் மகிமையைக் கண்டவர்கள் இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரே. தோமையார் காணாமலே பின்தொடர்ந்தவர்களுள் ஒருவர்.

தோமையார் பேசியதைக் குறித்து வைத்தவர் அருளப்பர் ஒருவரே. அவற்றுள் முதலாவது நாம் மறக்கக் கூடாதது. இயேசு யோர்தானுக்கு அப்பால் இருந்தபோது, பெத்தானியாவில் இலாசர் நோயுற்றிருக்கும் செய்தி வந்தது. பெத்தானியா எருசலேமுக்கு அருகே, ஒலிவமலையின் கிழக்குச் சரிவில் உள்ள ஊர். அங்கே ஆண்டவரைக் கல்லால் எறிந்து கொல்லப் பகைவர் காத்திருந்தனர். போக வேண்டாம் என்று சீடர்கள் தடுத்தனர். அப்போது தோமையார்தாம் மற்றவர்களை நோக்கி, நாமும் சென்று அவரோடு சாவோம் என்று துணிந்து சொன்னார்.

அந்த வழி எளிய வழியன்று. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே உள்ள எரிக்கோவிலிருந்து எருசலேமுக்கு ஏறும் பாதை அது. இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவில் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். இருபுறமும் வறண்ட பாறைகள். கள்வர் கையில் அகப்பட்டவனுக்கு நல்ல சமாரியன் உதவிய கதையை ஆண்டவர் இந்தப் பாதையில் வைத்தே சொன்னார். அத்தகைய வழியில், சாவை எதிர்நோக்கியே தோமையார் மேலே ஏறினார்.

ஆனால் சொல்வது வேறு, செய்வது வேறு அல்லவா? சில நாள்களுக்குப் பின் ஒலிவமலையின் அடிவாரத்தில், கெத்சமனித் தோட்டத்தில், ஆண்டவர் பிடிபட்டபோது சீடர்கள் அனைவரும் ஓடிப்போயினர். தோமையாரும் அவர்களோடு ஓடினார். கல்வாரியில் ஆண்டவர் உயிர்விட்டபோது, உடன் சாவோம் என்ற வாக்கு நிறைவேறாமலே நின்றது.

உயிர்த்த ஞாயிறு மாலையில் மற்றச் சீடர்களுக்கு ஆண்டவர் தோன்றினார். தோமையார் அங்கே இல்லை. காயங்களைக் கண்டு தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்றார். இதனால் உலகம் அவருக்குச் சந்தேகத் தோமா என்று பட்டம் சூட்டிவிட்டது. இது நியாயமா, தோழியரே? மற்றவர்களுக்கு ஆண்டவர் தம் கைகளையும் விலாவையும் ஏற்கெனவே காட்டியிருந்தார். அவர்கள் கண்டதைத்தான் இவரும் காண விரும்பினார். எட்டு நாள்களுக்குப் பின் ஆண்டவரைக் கண்டதும், அவரே தம் ஆண்டவர், தம் கடவுள் என்று அறிக்கையிட்டார். கேள்வி கேட்ட அதே நாவிலிருந்தே இத்துணை உயர்ந்த விசுவாச அறிக்கையும் பிறந்தது.

பின்னர்ப் பதினொருவரும் கலிலேயாவில் ஆண்டவர் குறித்த மலைக்குச் சென்றனர். எல்லா நாட்டவரையும் சீடராக்கும் கட்டளை அங்கே அவர்களுக்குக் கிடைத்தது. ஒலிவமலையிலிருந்து ஆண்டவர் விண்ணேறியதும், அவர்கள் உலகின் திசைகளை நோக்கிப் புறப்பட்டனர்.

தோமையாருக்கு வாய்த்தது நம் பாரத நாடு. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த பழைய நூல் ஒன்று, அவர் குந்தபோர் என்னும் அரசனிடம் வந்த கதையைச் சொல்கிறது. அரண்மனை கட்ட அரசன் தந்த பொருளை அவர் ஏழைகளுக்கு வழங்கி, அரசனுக்கு விண்ணில் மாளிகை எழுப்பினாராம். இப்பெயருடைய அரசன் ஒருவனின் நாணயங்கள் இந்தியாவின் வடமேற்குப் பகுதியில் கிடைத்துள்ளன. கேரள மரபோ, அவர் கி.பி. 52-இல் கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கி, ஏழு திருச்சபைகளை நிறுவினார் என்று போற்றுகிறது. பின்பு அவர் சோழ மண்டலக் கரைக்கு வந்து மயிலாப்பூரில் போதித்தார் என்பர்.

சென்னை சைதாப்பேட்டைக்கு அருகே அடையாற்றங்கரையில் சின்னமலை உள்ளது. பகைவரிடமிருந்து அவர் ஒதுங்கி வாழ்ந்ததாகக் கூறப்படும் சிறு குகையை அங்கே இன்றும் காணலாம். அதற்குத் தென்மேற்கே இருப்பது பரங்கிமலை. ஏறத்தாழ 300 அடி உயரமே உள்ள குன்று அது. கி.பி. 72-இல் அதன்மீது செபத்தில் ஆழ்ந்திருந்தபோது ஈட்டியால் குத்தப்பட்டு அவர் வேதசாட்சியானார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஆண்டவரின் விலாவில் ஈட்டி தைத்த காயத்தைக் காண விரும்பியவர், தாமும் ஈட்டிக்கே இரையானார்!

அவர் உடல் மயிலைக் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டதாகக் கூறுவர். அவ்விடத்தில் சாந்தோம் பேராலயம் உயர்ந்து நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமையாரின் கல்லறையைப் பற்றி எழுதி வைத்தார். போர்த்துக்கீசியர் 1523-இல் பரங்கிமலை உச்சியில் ஆலயம் எழுப்பினர். பரங்கியர் என அழைக்கப்பட்ட அவர்களாலேயே மலைக்கும் அப்பெயர் வந்தது. பழைய பாரசீக எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்று 1547-இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இம்மலைக்கு வந்து செபித்தார். ஆண்டுதோறும் ஜூலை 3-ஆம் நாள் தோமையார் திருநாள் கொண்டாடப்படுகிறது.

தோழியரே! எர்மோன் மலைக்கு முன் பரங்கிமலை ஒரு சிறு மேடுதான். ஆனால் பெத்தானியாவின் ஏற்றத்தில் சொல்லப்பட்டு, கெத்சமனியில் தவறிய வாக்கு ஒன்று, நாற்பது ஆண்டுகள் கழித்து இச்சிறு குன்றில் நிறைவேறியது. ஒருமுறை ஓடிப்போனவர் என்றென்றும் ஓடிப்போனவராகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இம்மலை சாட்சி.

இன்னொன்றும் உண்டு. இறுதி இராவுணவின்போது ஆண்டவர் தாம் போகும் வழியைப் பற்றிப் பேசினார். வழி தெரியாதே என்று வெளிப்படையாகக் கேட்டவர் தோமையார். அவர் கேட்டதனால்தான் வழியும் உண்மையும் உயிரும் தாமே என்னும் அரிய விடை உலகிற்குக் கிடைத்தது. வகுப்பில் விளங்காததைக் கேட்க நாணித் தலைகுனிந்திருக்கும் நமக்கு அவரைவிடச் சிறந்த பாதுகாவலர் யார்? ஐயம் வந்தால் அஞ்சாது கேட்போம். விடை கிடைத்தபின் அதற்காக வாழவும் துணிவோம். தோமையார் ஏறிய மலைகள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே!