வள்ளல் அழகப்பரும் பொட்டல் காட்டுப் படங்களும்



கல்லூரிச் சாலையில் மர நிழலில் நடந்து போகும் நம் பிள்ளைகளிடம், இந்த இடம் ஒரு காலத்தில் வெறும் பொட்டல் காடு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். 1940களின் இறுதியில் எடுத்த படங்களைக் காட்டினால்தான் நம்புவார்கள். செம்மண் தரை, ஒரு பந்தல், மேடையில் தலைவர்கள், கீழே வேட்டி கட்டிய கூட்டம். மேடையில் இருப்பவர்களின் பெயரை நாம் சொல்லிவிடுவோம். கீழே இருப்பவர்களின் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

இந்த இதழில், அந்தப் பொட்டலை ஊராக்கிய வள்ளல் அழகப்பரின் வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்ப்போம். முடிவில் நம் எல்லோருக்கும் ஒரு வேலையும் காத்திருக்கிறது.

அழகப்பச் செட்டியார் நம் பக்கத்து ஊரான கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6ஆம் தேதி பிறந்தார். தந்தை இராமநாதன் செட்டியார், தாயார் உமையாள் ஆச்சி. காரைக்குடியில் பள்ளிப் படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம். கணக்கு தெரிந்தால் போதும், பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் ஏறலாம் என்று நகரத்தார் வீடுகளில் நினைத்திருந்த காலம் அது. அந்த நாளில் ஒரு செட்டிவீட்டுப் பிள்ளை எம்.ஏ. வரை படித்தது அரிய செய்தி. பிறகு லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். அங்கே சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றார். குரொய்டன் நகரில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

ஊர் திரும்பியவர் வழக்காடப் போகவில்லை, தொழிலில் இறங்கினார். 1937இல், தம் 28ஆம் வயதில், இன்றைய கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் ஒரு நூற்பாலையைத் தொடங்கினார். ஆலை வந்ததும் அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. அந்த ஊருக்கு இன்றும் அழகப்ப நகர் என்றே பெயர். அந்தப் பெயரில் ஊராட்சியே இருக்கிறது. ஆலை பிற்காலத்தில் தேசிய ஜவுளிக் கழகத்தின் கைக்குப் போனது. பெயர் மட்டும் மாறவில்லை. மலையாளம் பேசும் மண்ணில் ஒரு கோட்டையூர்க்காரர் பெயர் நிலைத்திருப்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

மலேயாவில் ரப்பர்த் தோட்டம், ஈயச் சுரங்கம், இன்ஷூரன்ஸ், பங்கு வணிகம் என்று தொழில்கள் பெருகின. ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை அடைந்ததும் அதைத் துறந்துவிட்டார்.

சம்பாதித்த வேகத்திலேயே கொடுக்கவும் செய்தார். 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தார். கிண்டியில் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி அப்படித்தான் பிறந்தது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை அமையவும் ஒரு லட்சம் ரூபாய் வழங்கினார்.

நம் ஊருக்கான திருப்பம் 1947இல் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 3ஆம் தேதி சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம். பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார், புதிய கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே ஒரு லட்சம் ரூபாய் அறிவித்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாகச் சொன்னார். நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 11ஆம் தேதி காந்தி மாளிகையில் அழகப்பா கலைக் கல்லூரி தொடங்கிவிட்டது. சொந்தக் கட்டடம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நான்கு நாள் கழித்து நாட்டுக்கு விடுதலை வந்தபோது நம் ஊரில் கல்லூரி மணி அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது சிக்ரி. விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வகங்களை அமைக்கத் திட்டமிட்ட நேரம். பெரிய நகரங்களுக்கே அவை போகும் என்று எல்லோரும் நினைத்திருக்க, மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவர அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை, பிரதமர் நேரு இங்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி, ஜனவரி 14ஆம் தேதி, குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். மின்முலாம் பூசுவது, பேட்டரி செய்வது, இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது என்று தொழிற்சாலைகளுக்குத் தேவையான ஆராய்ச்சிகள் இந்தச் செம்மண் பூமியில் தொடங்கின.

இரும்பாலையைச் சுற்றி ஜாம்ஷெட்பூர் வளர்ந்தது, பழுப்பு நிலக்கரியைச் சுற்றி நெய்வேலி வளர்ந்தது. அழகப்பர் முதலில் ஒரு நூற்பாலையைச் சுற்றி ஊர் உண்டாக்கினார். இரண்டாவது முறை, சொந்த மண்ணில், ஆய்வகத்தையும் கல்லூரிகளையும் சுற்றி ஊர் உண்டாக்கினார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி 1950இல் வந்தது, பொறியியல் கல்லூரி 1952இல் வந்தது. மாண்டிசோரி பள்ளியில் சேரும் குழந்தை அதே வளாகத்தில் பொறியாளராக வெளியே வரலாம் என்ற நிலை பத்தே ஆண்டில் உருவானது. கல்லூரியில் தமிழ் கற்பித்த வ.சுப. மாணிக்கனார் பின்னாளில் அங்கேயே முதல்வராகி, மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் உயர்ந்தார். வெளியூர்ப் பேராசிரியர்களும் விஞ்ஞானிகளும் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். நம்மில் சிலரின் பெற்றோரும் அப்படி வந்தவர்களே.

இத்தனையும் நடந்தது உடல் நலத்தோடு இருந்த மனிதரால் அல்ல. தொழுநோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. அந்த நோய் என்றால் ஊரும் உறவும் ஒதுங்கி நிற்கும் காலம் அது. தொழிலிலும் ஏற்ற இறக்கம் வந்தது. கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை; குடியிருந்த வீட்டையும் கல்விக்கே கொடுத்தார். அரசு பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1957 ஏப்ரல் 5ஆம் தேதி காலமானார். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். அவர் போட்ட அடித்தளத்தின் மேல் 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது.

இனி நம் வேலைக்கு வருவோம்.

அழகப்பரின் பெயருக்கு ஆபத்து இல்லை. கல்லிலும் அஞ்சல்தலையிலும் அது இருக்கிறது. ஆனால் பந்தல் போட்டவர், சுவர் எழுப்பிய கொத்தனார், சித்தாள், முதல் ஆண்டு மாணவர், ஆய்வக ஊழியர் ஆகியோரின் முகங்கள் நம் வீட்டு முகப்பில் மாட்டிய சட்டங்களிலும் பீரோவில் கிடக்கும் ஆல்பங்களிலும்தான் இருக்கின்றன. 1947இல் கல்லூரியில் சேர்ந்தவருக்கு இன்று 95 வயதை ஒட்டி இருக்கும். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

இதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா வாழ்ந்தார். மற்றவர்கள் பழைய காகிதம் என்று ஒதுக்கியதை, பழைய நூல்கள் முதல் அழைப்பிதழ்கள் வரை, அவர் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பிலிருந்து சென்னையில் ஒரு நூலகமே அமைந்தது. ஒரு வீட்டுக்காரர் மனம் வைத்தால் இவ்வளவு காப்பாற்ற முடியும்.

ஆகவே குடியிருப்போர் அனைவரும் செய்ய வேண்டியவை:

வீட்டில் உள்ள பழைய கல்லூரி, சிக்ரி, ஆலைப் படங்களை எடுத்துப் பெரியவர்களிடம் காட்டுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர், இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். படத்தின் பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தி முன்பக்கம் தடம் விழும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள், அப்படியே பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் செல்போனில் எடுத்துவிடுங்கள். லாமினேஷன் வேண்டாம். ஈரச் சுவரில் மாட்டியிருந்தால் வேறு சுவருக்கு மாற்றுங்கள்.

படங்களை நம் சங்கத்திடம் கொடுத்துவிட வேண்டியதில்லை. அவை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். செல்போனில் எடுத்த பிரதியும் பெயர்ப் பட்டியலும் வந்தால் போதும். குடும்பத்தாரின் சம்மதத்தோடு வரும் படங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடலாம். வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், இந்த வேலையை வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.